குதிரைப்படைத் தளபதி கில்லெஸ்பி

புத்தளம் வாவி கடலோடு கலக்கும் முகத்தருகே, கற்பிட்டியில், ஒரு பழைய கோட்டை நிற்கின்றது. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் அதனைக் கட்டத் தொடங்கி 1676ஆம் ஆண்டில் முடித்தனர். சதுர வடிவமும் நான்கு மூலைக் கொத்தளங்களும் கொண்ட அக்கோட்டை ஒரு நோக்கத்துக்காகவே எழுந்தது. கண்டி அரசனுக்குப் புத்தளம் பழைய துறைமுகம். தென்னிந்தியத் துணியும் அரிசியும் அவ்வழியே மலைநாட்டுக்குச் சென்றன. மலைநாட்டுப் பாக்கு அவ்வழியே வெளிப்போந்தது. வாவியின் வாயிலைப் பிடித்தவன் கைக்குள் அவ்வாணிகம் முழுவதும் அடங்கும் என்பதை ஒல்லாந்தர் நன்கு அறிந்திருந்தனர்.

1795ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் காரணம் இலங்கையில் பிறந்ததன்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்து நாட்டினுட் புகுந்தன. அந்நாட்டுத் தலைவர் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, கீழ்த்திசையிலுள்ள தம் குடியேற்றங்களில் ஆங்கிலப் படைகளை ஏற்றுக்கொள்ளுமாறு மடல் வரைந்தார். மலாக்காவும் திருகோணமலையும் கற்பிட்டியும் அவ்வாண்டிலேயே கைமாறின. அடுத்த ஆண்டு பெப்ரவரியிற் கொழும்பும் பணிந்தது. எஞ்சி நின்றவற்றுள் தலையானவை ஒல்லாந்தர் ஆட்சியின் கீழைத் தலைநகரான பத்தாவியாவும் ஜாவாத் தீவும். கற்பிட்டிக் கரையில் ஏறிய கொடி ஜாவாவில் ஏறுவதற்குப் பின்னும் 16 ஆண்டுகள் சென்றன.

ஜாவாவில் அக்கொடியை ஏற்றிய படையின் முன்னணியில் நின்றவர் ஒரு குதிரைப்படை அதிகாரி. அவருக்கு ஐந்தாண்டுகள் முன்னரே தமிழ்நாட்டில், வேலூர்க் கோட்டை வாயிலில், பெரும் புகழ் வந்து சேர்ந்திருந்தது. இராபர்ட் ரோலோ கில்லெஸ்பி என்பது அவர் பெயர். அவருடைய வரலாறு விரைவின் வரலாறு. ஒருமுறை அவ்விரைவு ஒரு கோட்டையை அவருடைய அரசாங்கத்துக்கு மீட்டுக் கொடுத்தது. மற்றொருமுறை அதே விரைவு அவரையும் அவரோடு வேறு பலரையும் பலிகொண்டது. இடையில் அவ்விரைவுக்கு விலை கொடுத்தவர் பலர். அவர்களுடைய கணக்கையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வாழ்க்கை முழுமையாக விளங்காது.

கில்லெஸ்பி 1766ஆம் ஆண்டு சனவரி மாதம் 21ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள கோம்பர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மைந்தர். வசதியான குடும்பம். மகனைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கற்றவனாக்கவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மைந்தரோ ஏட்டைவிட வாளையே விரும்பினார். 1783இல், 17ஆம் வயதில், அயர்லாந்துக் குதிரைப்படை ஒன்றிற் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அக்காலத்திற் படையதிகாரிப் பதவி பணங் கொடுத்து வாங்கப்படுவது. குதிரைப்படைப் பதவிக்கோ விலையும் அதிகம், செலவும் அதிகம். ஆகவே செல்வக் குடும்பத்து இளைஞரே பெரும்பாலும் அதில் இடம்பெற்றனர்.

அவர் உருவத்திற் குறியவர். உள்ளத்திற் கொதிப்பு மிக்கவர். 20ஆம் வயதில் ஒருவருக்கும் அறிவியாமல் மணஞ் செய்துகொண்டார். சிறிது காலத்துக்குள் நண்பர் ஒருவரின் பொருட்டு எழுந்த பூசலில் தாமே ஒருவருடன் துப்பாக்கி ஏந்தி இருவர் போருக்கு நின்றார், எதிரி மாண்டார். கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டு 1788இல் நீதிமன்றத்தில் நின்ற அவரைச் சான்றாயர் குற்றமற்றவர் என விடுவித்தனர். மானத்தின் பெயராற் செய்யும் இருவர் போரைச் சட்டம் விலக்கினாலும் மேட்டுக்குடியினர் விலக்காத காலம் அது. எண்ணுவதற்கு முன் கை எழும் அந்த இயல்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1792இல் அவர் ஜமேக்காத் தீவுக் குதிரைப்படைக்கு மாறி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். இன்று எயிற்றி என வழங்கும் தேசம் அப்பொழுது பிரெஞ்சுக்காரரின் குடியேற்றம். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்கள் 1791இல் அங்கே கிளர்ந்தெழுந்திருந்தனர். அக்குழப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஆங்கிலப் படையும் அங்கு இறங்கியது. 1794இல் துறைமுகப் பட்டினம் ஒன்றைச் சரணடையுமாறு கேட்கும் தூதராகக் கில்லெஸ்பி சென்றார். கரையிலிருந்து சுட்டபடியால், வாளைப் பல்லிற் கவ்விக்கொண்டு நீந்திக் கரையேறினார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மற்றோர் இரவில் எட்டுக் கொள்ளையர் வீட்டினுட் புகுந்தபோது தனியராக நின்று அறுவரை வாளால் வீழ்த்தினார் என்பதும் அவரைப்பற்றி வழங்கும் கதை. கதைகளிற் கூட்டலும் குறைத்தலும் இருக்கலாம். ஆனால் அவரை அறிந்தவர் எவரும் அவருடைய அஞ்சாமையை ஐயுற்றதில்லை.

போர்க்களத்தில் வராத துன்பம் கணக்கேட்டால் வந்தது. படைப்பணத்தைக் கையாண்ட முறையில் தவறு செய்தார் என அவருடைய படையின் அதிகாரி ஒருவரே குற்றஞ் சாட்டினார். 1804இல் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என முற்றாக விடுவித்தது. எனினும் அவருடைய கைப்பொருள் கரைந்துபோயிருந்தது. அக்காலத்து ஆங்கிலேயருக்கு இழந்த பொருளை மீட்கும் நாடாக விளங்கியது இந்தியா. இந்தியாவிலிருந்த 19ஆம் இலகு குதிரைப்படைக்கு அவர் மாறினார். 1803இல் அசாயேப் போரிற் புகழ்பெற்ற படை அது. கப்பலிற் செல்லாமல், ஆம்பூர்க், கொன்ஸ்தாந்திநோபிள், பக்தாத் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வந்து சேர்ந்தார். அப்படை தங்கியிருந்த இடம் ஆர்க்காடு.

குதிரைப்படையின் வலிமை நிலத்தின் இயல்பைப் பொறுத்தது. இலங்கையின் காடுகளிலும் மலைக்கணவாய்களிலும் அதற்கு வேலை குறைவு. 1803இல் கண்டிப் போர் மூண்டபோது காலாட்படையும் சுமைகூலிகளுமே மலையேறினர். காய்ச்சலும் பொறிவழிகளும் அவர்களை அழித்தன. பாலாற்றுச் சமவெளியோ அகன்றது. ஒரு நல்ல குதிரைப்படை அங்கே ஒரு காலைப்பொழுதில் ஒரு போரின் முடிவையே மாற்றிவிடலாம். ஆர்க்காட்டிலிருந்து வேலூர் ஏறக்குறைய 16 மைல்; புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் தூரத்தின் பாதி என்று இக்கரையினர் கருதிக்கொள்ளலாம்.

வேலூர்க் கோட்டை கருங்கல்லாலானது. அகன்ற அகழி சூழ்ந்தது. சலகண்டேசுவரர் ஆலயத்தைத் தன்னகத்தே கொண்டது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் அவருடைய மைந்தரையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயர் இங்கேயே காவலில் வைத்திருந்தனர். 1806இற் கோட்டைக்குள் ஆங்கிலேயரின் 69ஆம் காலாட்படையைச் சேர்ந்த ஏறக்குறைய 370 பேரும், சென்னைப் படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,500 பேரும் இருந்தனர். சிப்பாய்களில் இந்துக்களும் இருந்தனர்; முஸ்லிம்களும் இருந்தனர்.

1805 நவம்பரிற் சென்னைச் சேனாதிபதி சர் ஜான் கிரடொக் புதிய ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்தார். சிப்பாய்கள் நெற்றியிற் குறியிடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழிக்கவேண்டும், மீசையை ஒரே அளவிற் கத்தரிக்கவேண்டும், தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் வைத்துத் தைத்த புதுவகைத் தலையணி தரிக்கவேண்டும். பார்வைக்கு இவை சிறிய செய்திகள். ஆனால் இந்துவுக்குத் திருநீறும் நாமமும், முஸ்லிமுக்குத் தாடியும் வெறும் அலங்காரம் அல்ல. தலையணியோ ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்தது. சமயம் மாற்றுவதற்கு இது முதற்படி என்ற அச்சம் பரவியது. 1806 மே மாதத்திற் சிலர் அத்தலையணியை மறுத்தனர். இருவருக்கு 900 கசையடி வீதம் தண்டனை விதிக்கப்பட்டது. இந்த எச்சரிக்கையை மேலிடம் உணரவில்லை.

சூலை மாதம் 9ஆம் நாள் கோட்டைக்குள் திப்புவின் மகளொருத்தியின் திருமணம் நடந்தது. அன்றிரவு கழிந்து, 10ஆம் நாள் விடிவதற்கு முன், சிப்பாய்கள் எழுந்தனர். உறங்கிக்கொண்டிருந்த வெள்ளையர் பாசறைகளை நோக்கிச் சுட்டனர். கோட்டைத் தளபதி பான்கோர்ட் மாண்டார். வெள்ளை அதிகாரிகளும் படைவீரருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் அன்று உயிரிழந்தனர். கோட்டையின் மேல் மைசூர்க் கொடி ஏறியது. எஞ்சிய வெள்ளையரிற் சிலர் வாயிலுக்கு மேலுள்ள கொத்தளப் பகுதியை அடைந்து, குண்டும் மருந்தும் தீர்ந்த நிலையில், துப்பாக்கிமுனை ஈட்டிகளையே நம்பி நின்றனர்.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த அதிகாரியொருவர் ஆர்க்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். காலையிற் குதிரையேறியிருந்த கில்லெஸ்பிக்கு அது கிடைத்தது. அவர் ஆலோசனைக் கூட்டம் எதுவும் கூட்டவில்லை. ஆயத்தமாயிருந்த ஒரு சிறு பிரிவை உடனழைத்துக்கொண்டு புறப்பட்டார். எஞ்சிய படையும் குதிரைகள் இழுக்கும் பீரங்கிகளும் பின்தொடருமாறு கட்டளையிட்டார். வழியில் தம் பிரிவையும் முந்திக்கொண்டு காலை ஒன்பது மணியளவிற் கோட்டை வாயிலை அடைந்தார். மேலே நின்றவர்களுள் பிரேடி என்னும் சார்ஜன்ட் மேற்கிந்தியத் தீவுகளில் அவரோடு பணிபுரிந்தவர். தொலைவிலேயே அவரை இனங்கண்டு, கடவுளே அவரை அனுப்பியிருக்கிறார் என்று கூவினாராம்.

வாயில் அடைபட்டிருந்தது; பீரங்கிகள் இன்னும் வந்து சேரவில்லை. கில்லெஸ்பி காத்திருக்கவில்லை. மேலே நின்ற வீரர்கள் தம் தோள்வார்களை ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கித் தொங்கவிட்டனர். அதனைப் பற்றி, குண்டுகளுக்கு நடுவே, அவர் மதிலேறினார். எஞ்சியிருந்த சிலரைத் திரட்டிக்கொண்டு மதின்மேற் பாய்ந்து எதிரிகளைத் தடுத்து நிறுத்தினார். பீரங்கிகள் வந்து வாயிலைப் பிளந்ததும் குதிரைப்படை உட்புகுந்தது. அப்படையிற் சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்த இந்திய வீரரும் இருந்தனர் என்பது மறக்கத்தகாத செய்தி. நண்பகலுக்கு முன் எல்லாம் முடிந்தது.

முடிந்த விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. சிப்பாய்களுள் மாண்டோர் 350 பேர் என்பது குறைந்த கணக்கு. 800 பேர் என்போரும் உளர். அரண்மனைக்குள் ஒளிந்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களை வெளியே கொணர்ந்து, கில்லெஸ்பியின் கட்டளைப்படி மதிலருகே நிறுத்தி, எல்லோரும் மடியும் வரை பீரங்கியாற் சுட்டனர் என உடனிருந்த பொறியியல் அதிகாரி பிளேக்கிஸ்டன் தம் நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. அதே வேளையில், சீற்றங்கொண்ட படைவீரர் திப்புவின் மைந்தரைக் கொல்ல முனைந்தபோது அதனைத் தடுத்தவரும் கில்லெஸ்பியே. பின்னர் நடந்த விசாரணையில் அறுவர் பீரங்கி வாயிற் கட்டிச் சுடப்பட்டனர், ஐவர் துப்பாக்கியாற் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர். இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். கலகத்திற் கலந்த மூன்று பட்டாளங்களின் பெயரே படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இனி மற்றொரு விளைவையும் நோக்கவேண்டும். சிப்பாய்கள் எந்த விதிகளை எதிர்த்து எழுந்தனரோ அந்த விதிகள் கைவிடப்பட்டன. சென்னைத் தேசாதிபதி வில்லியம் பெண்டிங்கும் சேனாதிபதி கிரடொக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர். அஃதாவது, சிப்பாய்களின் குறை உண்மையானது என்பதை அரசாங்கம் தன் செயலாலேயே ஒப்புக்கொண்டது. அக்குறையை மே மாதத்தில் ஒருவர் காதுகொடுத்துக் கேட்டிருந்தால், சூலை மாதத்தில் ஒருவர் குதிரையேறி விரைந்திருக்கவேண்டியதில்லை. கில்லெஸ்பியின் வீரத்தை அளக்கும்போது, அவ்வீரம் தேவைப்பட்டதே ஆட்சியாளரின் பிழையால் என்பதையும் உடன் அளக்கவேண்டும். 2006இல், அந்நிகழ்ச்சியின் 200ஆம் ஆண்டு நிறைவில், இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டு நினைவுகூர்ந்தது வேலூர்ச் சிப்பாய்களின் எழுச்சியையே.

வேலூர் கில்லெஸ்பியின் பெயரை இந்தியாவெங்கும் பரப்பியது. பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியனின் கைக்குட்பட்ட ஒல்லாந்தரிடமிருந்து ஜாவாவைப் பறிக்க 1811இல் ஒரு பெரும்படை திரண்டபோது, அதில் அவருக்கு முன்னணித் தலைமை கிடைத்தது. சர் சாமுவேல் ஒக்முற்றி தலைமைச் சேனாதிபதி. இந்தியாவின் தேசாதிபதி மிண்டோப் பிரபுவும் உடன்சென்றார். சென்னையின் பயனியர் படையினர் இப்போரிற் பங்கெடுத்தனர். பாதை திருத்தியும் அரண் வெட்டியும் படைக்கு வழி செய்யும் அவ்வீரரில் தமிழ்நாட்டார் பலர். ஆகஸ்ட் 4ஆம் நாள் படை கரையிறங்கியது. 8ஆம் நாள் பத்தாவியா பணிந்தது. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் மீஸ்டர் கோர்னலிஸ் என்னும் வலிய அரணுக்குட் பின்வாங்கினர். ஆகஸ்ட் 26ஆம் நாள் விடியற்காலையில் அவ்வரணைத் தாக்கிய படைக்குக் கில்லெஸ்பி தலைமைதாங்கினார். காய்ச்சலால் தளர்ந்திருந்தும் அவர் முன்சென்றார், அரண் வீழ்ந்தது. செப்டெம்பரில் ஒல்லாந்தத் தேசாதிபதி யான்சன்ஸ் சரணடைந்தார்.

தீவின் ஆட்சி ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் என்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பிற்காலத்திற் சிங்கப்பூரை நிறுவியவர் அவரே. படைத் தலைமை கில்லெஸ்பியிடம் இருந்தது. 1812 ஏப்பிரலிற் சுமாத்திராவின் பலெம்பாங்கு அரண்மனைக்குள் மிகச் சிலரோடு துணிந்து புகுந்து அதனைக் கைப்பற்றினார். அவ்வாண்டு சூன் 20ஆம் நாள் ஜாவாவின் யோக்கியகர்த்தா அரண்மனை தாக்கப்பட்டது. கையிற் குண்டுபட்டும் கில்லெஸ்பி களத்தை விட்டகலவில்லை. சுல்தான் பதவி நீக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அரண்மனைக் கருவூலம் சூறையாடப்பட்டது. படையதிகாரிகள் பொன்னைப் பங்கிட்டுக்கொண்டனர். அரண்மனை நூலகத்து ஏடுகளை ராபிள்ஸ் முதலியோர் கொண்டுசென்றனர். அவற்றுட் பல இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டின் ஊர்தோறும் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தொகுப்பித்த கொலின் மக்கன்சியும் அப்போது ஜாவாவில் இருந்தார்; அவ்வேடுகளில் ஒரு பகுதி அவர் தொகுதியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிற் கேட்டும் எழுதுவித்தும் சேர்த்தவர், ஜாவாவில் வாள்முனையிற் கிடைத்ததையும் சேர்த்துக்கொண்டார்.

ஜாவாவின் வீழ்ச்சி இலங்கையையும் வந்து தொட்டது. ஒல்லாந்தர் காலத்திலேயே ஜாவா முதலிய தீவுகளின் மக்கள் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் இங்கு வந்திருந்தனர். ஆங்கிலேயர் அவர்களைத் தம் படையில் ஒரு மலாயர் பட்டாளமாக அமைத்தனர். 1811 முதல் 1816 வரை ஜாவா ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில், அப்பட்டாளத்துக்கு அங்கிருந்தே புதிதாக ஆள் சேர்த்துக் குடும்பத்தோடு இலங்கைக்குக் கொணர்ந்தனர். இன்று இலங்கையில் வாழும் மலாயச் சமூகத்தின் முன்னோரில் ஒரு பகுதியினர் இவ்வாறு வந்தவர்களே. ஒரு தளபதியின் வெற்றிச் செய்தி ஒரு நாளில் வெளியாகி மறுநாளிற் பழையதாகும். அவ்வெற்றியால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாழ்க்கையோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

கில்லெஸ்பிக்கும் ராபிள்சுக்கும் ஒத்துப்போகவில்லை. படைச்செலவு முதல் ஆட்சிமுறை வரை இருவரும் முரண்பட்டனர். 1813இல் ஜாவாவை விட்டு நீங்கிய கில்லெஸ்பி, கல்கத்தாவில் ராபிள்ஸ் மீது ஊழற் குற்றச்சாட்டுகளை அடுக்கினார். அவை நிரூபிக்கப்படவில்லை, ராபிள்ஸ் பின்னர் பழிநீங்கினார். ஆதாரமின்றிக் குற்றஞ் சாட்டப்படுவதன் வலியைத் தாமே ஒருகாலத்தில் அநுபவித்தவர், அதே வலியைப் பிறருக்கு உண்டாக்கினார். குற்றச்சாட்டுகள் தீர்க்கப்படுவதற்குள் அவர் வாழ்நாளும் முடிந்தது.

1814இல் ஆங்கிலேயருக்கும் நேபாள நாட்டுக் கூர்க்கருக்கும் போர் மூண்டது. நான்கு படைகள் நான்கு திசைகளிற் புறப்பட்டன. மீரட்டிலிருந்து புறப்பட்ட ஏறக்குறைய 3,500 பேர் கொண்ட படைக்குக் கில்லெஸ்பி தலைவர். தேராதூனுக்கு அருகே நாலாபாணிக் குன்றின்மேற் கலுங்கா என்னும் சிறு கோட்டை இருந்தது. அதனைக் காத்தவர் பலபத்ர குன்வர் என்னும் இளந்தளபதி. பெண்களும் குழந்தைகளும் உட்பட அவரோடு இருந்தோர் ஏறக்குறைய 600 பேரே.

அக்டோபர் 31ஆம் நாள் கோட்டையைப் பல திசைகளிலிருந்தும் ஒரே வேளையில் தாக்குவது என்று ஏற்பாடு. குறித்த வேளைக்கு முன்னரே கில்லெஸ்பி தாக்குதலைத் தொடங்கிவிட்டார். அவர் விடுத்த புதிய கட்டளை மற்றப் படைப்பிரிவுகளைச் சென்றடையவில்லை. வேலூரிற் பீரங்கிக்குக் காத்திராதவர் இங்கே தம் சொந்தப் படைக்கே காத்திருக்கவில்லை. முதல் தாக்குதல் முறிந்தது. குதிரையிலிருந்து இறங்கிய நூறு குதிரைவீரரைக் கொண்டு மறுபடியும் முயன்றார். காலாட்படை தயங்கி நின்றது. அவர் வாளை உயர்த்தி, மதிலுக்குச் சில கஜ தூரத்தில் நின்று, படைவீரரை முன்வருமாறு அழைத்தார். அவ்வேளையில் ஒரு குண்டு நெஞ்சைத் துளைக்க வீழ்ந்து மாண்டார். அவருக்கு அப்போது வயது 48.

நவம்பரில் நடந்த இரண்டாம் தாக்குதலும் தோற்றது. ஈற்றிற் பீரங்கிகளைக் கொண்டு இடைவிடாது சுட்டும், கோட்டைக்கு வரும் தண்ணீரைத் தடுத்துமே கலுங்கா வெல்லப்பட்டது. பலபத்ரர் எஞ்சிய ஏறக்குறைய 70 பேரோடு முற்றுகையைப் பிளந்து வெளியேறினார். உள்ளே புகுந்தவர்கள் கண்டவை பிணங்களும், தாகத்தால் துடிக்கும் காயப்பட்டோரும், பெண்களும் குழந்தைகளுமே. பொறுமையால் முடிந்த செயல் விரைவால் முடியவில்லை. ஆங்கிலேயர் பின்னர் அங்கே இரண்டு வெண்ணிறத் தூண்களை அருகருகே நாட்டினர். ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு மாண்டோருக்கும். மற்றொன்று தம்மை எதிர்த்து நின்ற பலபத்ரருக்கும் அவருடைய கூர்க்க வீரருக்கும். பகைவனுக்கு அருகிலேயே பகைவனுக்கும் தூண் நாட்டியது அப்போரின் சிறந்த நினைவாக இன்றும் நிற்கின்றது.

கில்லெஸ்பியின் உடல் மீரட்டில் அடக்கஞ் செய்யப்பட்டது. இறந்த செய்தி இங்கிலாந்தை எட்டுமுன்னரே அவருக்கு வீரப்பட்டம் அளிக்கப்பட்டது. இலண்டன் தூய பவுல் பேராலயத்திற் சிலையும், 1845இற் பிறந்த ஊராகிய கோம்பரில் உயர்ந்த தூணின்மேல் மற்றொரு சிலையும் எழுந்தன. வேலூரில் மதிலருகே மாண்ட சிப்பாய்களுக்கோ ஒரு பெயர்ப்பட்டியலும் எழுதப்படவில்லை.

வேலூர்க் கோட்டையின் கதை கில்லெஸ்பியோடு முடியவில்லை. அவர் இறந்த நாலு மாதத்துக்குள், 1815 பெப்ரவரியில், கண்டியின் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டான். 1816 சனவரியிற் கொழும்பிலிருந்து கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய், வேலூர்க் கோட்டையிற் காவலில் வைத்தனர். திப்புவின் மைந்தர் நீங்கிய கோட்டைக்குள் புத்தளத் துறைக்கு ஒருகால் உரிமைகொண்டாடிய அரசமரபு புகுந்தது. 1832இல் அரசன் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபம் அவன் நினைவிடமாக விளங்குகின்றது. கற்பிட்டிக் கோட்டை வாவியின் வாயிலை அடைத்துத் தொடங்கிய வேலை வேலூர்க் கோட்டை அரசனை அடைத்ததோடு நிறைவேறியது என்னலாம்.

வேலூர்க் கலகம் நிகழ்ந்து எட்டு மாதங்களின் பின், 1807 மார்ச்சு 21ஆம் நாள், கற்பிட்டியில் ஒரு குழந்தை பிறந்தது. அதுவே பிற்காலத்திற் சைமன் காசிச்செட்டி எனப் புகழ்பெற்ற அறிஞர். அவரும் ஆங்கிலேய அரசாங்கத்தின் பணியாளரே: மணியகாரராகவும், சட்டநிரூபண சபை உறுப்பினராகவும், சிலாபத்து நீதிபதியாகவும் விளங்கினார். ஆனால் 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் நூலை அச்சிட்டதும், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டதும் அவரே. ஊர் ஊராகக் கேட்டறிந்து, பெயர் பெயராக எழுதிவைத்த பொறுமை அவருடையது.

கில்லெஸ்பியின் பெயர் கல்லிலும் வெண்கலத்திலும் நிலைபெற்றது. அவருடைய வீரம் பொய்யன்று, அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு காலைப்பொழுதில் ஒரு கோட்டையை மீட்கும் வீரம், அக்கோட்டைக்குள் மனிதர் ஏன் எழுந்தனர் என்ற கேள்விக்கு விடை தராது. அவ்விடையைத் தேடுபவருக்குச் சைமன் காசிச்செட்டியின் வழியே துணை: கேட்பது, பொறுத்திருப்பது, பெயரறியப்படாதாரின் பெயரையும் எழுதிவைப்பது. மூன்று பட்டாளங்களின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவது ஓர் அரசாங்கத்துக்கு எளிது. நீக்கப்பட்டவர்களை மீண்டும் பதிவு செய்வது வரலாறு எழுதுவோரின் கடமை.